டிசைன் வேலைக்கு லேப்டாப் வாங்குகிறீர்களா?

போட்டோஷாப்பில் டூல்பார், லேயர், கலர் பேனல் எல்லாம் திறந்துவிட்டால் 14 இன்ச்சில் படத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம் இடம்தான், அதனால் பெரும்பாலும் மேஜையிலேயே வேலை என்றால் 16 இன்ச் எடுங்கள். தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைபவரா? சரி, 14 போதும், வீட்டில் தனி மானிட்டர் மாட்டிக்கொள்ளலாம்.

இன்ச்சோடு ரெசல்யூஷனையும், அதாவது திரையில் எத்தனை புள்ளிகள் என்பதையும் பாருங்கள். 1920×1080 திரையில் எழுத்து சின்னதாக இருக்கிறதென்று விண்டோஸ் ஸ்கேலிங்கை 150% ஆக்கினால் மெனு, பேனலெல்லாம் பெருத்து, 1280×720 திரைபோல நெருக்கடியாகிவிடும். 16:10 திரை (அகலம் 16 பங்கு, உயரம் 10 பங்கு) கிடைத்தால் விடாதீர்கள், வழக்கமான 16:9-ஐ விட உயரம் கூடுதல் என்பதால் லேயர் பட்டியலில் இன்னும் இரண்டு மூன்று வரி தெரியும்.

அப்புறம், கடையில் இதைப் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்: திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவு 45% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் எவ்வளவு பெரிய திரையானாலும் வேண்டாம், சிவப்பெல்லாம் வெளிறித் தெரியும். 100% எஸ்ஆர்ஜிபி (வெப்பில் வழக்கமாகப் பயன்படும் நிற வரம்பு முழுவதும்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.