9.9-இலிருந்து 15: சின்னப் படகு மோட்டாரில் கூடுதல் குதிரைத்திறன் எடுப்பது எப்படி?

என்னுடையது 12 அடி அலுமினியப் படகு. பின்னால் 9.9 குதிரைத்திறன், இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்ட், அதாவது படகுக்கு வெளியே மாட்டும் மோட்டார். தனியாகப் போனால் சிட்டாகப் பறக்கும். மச்சினன் ஏறி, நங்கூரமும் பெட்ரோல் டேங்கும் மீன் பெட்டியும் கூடவே ஏறிவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழும். “மாமா, நான் வேணா துடுப்பு போடட்டுமா?” என்று அவன் கேட்ட அன்றைக்குத்தான் இந்த வேலையில் இறங்கினேன். அதற்குள் ஒரு பிஸ்டனைத் தின்றேன், இரண்டு புரொப்பெல்லர் வாங்கினேன். இன்றைக்கு அது 15 குதிரைத்திறன் மோட்டார். எந்த வரிசையில் செய்திருந்தால் அந்தப் பிஸ்டன் பிழைத்திருக்கும் என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் படகு நீரின் மேல் எழுந்து வழுக்கிப் போகிற ரகமா, நீரைக் கிழித்துப் போகிற ரகமா? அடி வட்டமாக, கனமாக உள்ள படகுகள் இரண்டாவது ரகம். அவற்றுக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வரும். 16 அடிக்கு 5.4 நாட், அதாவது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். அதற்கு மேல் எத்தனை குதிரையைப் பூட்டினாலும் பின்பக்கம் தாழ்ந்து பெரிய அலை கிளம்புமே தவிர வேகம் கூடாது. உங்களுடையது அந்த ரகம் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், காசு மிச்சம்.

வழுக்கிப் போகிற படகிலும் ஆசைக்கு அளவு வேண்டும். வேகம் குதிரைத்திறனின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும். 9.9-ஐ 15 ஆக்கினால் திறன் ஒன்றரை மடங்கு, வேகமோ கால்பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். ஆனால் ஆள் ஏறிய பிறகும் படகு சட்டென்று எழுந்துகொள்ளும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அளந்து பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) சுழல்கிறது என்று காட்டும், ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றுகிற சின்ன டேக்கோமீட்டர் ஒன்று வாங்குங்கள். வேகத்துக்குக் கைபேசியின் ஜி.பி.எஸ். போதும். காற்றும் நீரோட்டமும் ஏமாற்றும் என்பதால் போக ஒருமுறை, வர ஒருமுறை ஓட்டிச் சராசரி எடுங்கள். முழு திராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால், எவ்வளவு ஆர்.பி.எம். வரவேண்டும் என்பது மோட்டாரின் கையேட்டில் இருக்கும். என்னுடையதற்கு 4500 முதல் 5500 வரை.

எனக்கு வந்தது 4500, வேகம் 25 கிலோமீட்டர். வரம்புக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடத் தோன்றும். அடிமட்டத்தில் நிற்கிறது என்றால் மோட்டார் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். 9.9 என்று மூடியில் எழுதியிருக்கும் திறன் மேல்பாதி ஆர்.பி.எம்.மில்தான் கிடைக்கும். இருக்கும் குதிரைகளையே முழுதாக ஓட்டாமல் புதிதாகக் குதிரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கம்ப்ரெஷனை அளந்தேன். இரண்டு சிலிண்டரிலும் 112, 108 பி.எஸ்.ஐ. வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் வளையமோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் திறன் கூட்டுவது இளைப்புக்காரனை ஓடச் சொல்வது மாதிரி. அப்புறம் பெட்ரோல் குழாய். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய குழாயின் உள்சுவரை உரித்துவிடும். வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும், உள்ளே தோல் கிளம்பி வழியை அடைத்திருக்கும். டேங்க் மூடியின் காற்றுத் துளையைத் திறந்தீர்களா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதில் போயிருக்கிறது.

இன்னொரு திருடன் புரொப்பெல்லரின் நடுவில் உள்ள ரப்பர். பாறையில் இடித்தால் கியர் உடையாமல் காப்பதற்காக வைத்தது. பழசாகிவிட்டால் முழு திராட்டிலில் வழுக்க ஆரம்பிக்கும்: மோட்டார் அலறும், படகு சும்மா நிற்கும். நான் கார்புரேட்டர் என்று நினைத்து இரண்டு முறை கழற்றி மாட்டினேன். கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. உள் குழலில் தொடங்கி ரப்பர் மேலாக வெளி வளையம் வரை பெயின்டால் நேராக ஒரு கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து விலகி நின்றால் ரப்பர் போச்சு.

புரொப்பெல்லர்

என் கணக்கில் செலவழித்த பணத்துக்கு அதிகம் கிடைத்தது இங்கேதான். புரொப்பெல்லரில் இரண்டு எண்கள் இருக்கும்: முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்றால், மரத்துக்குள் திருகாணி இறங்குவதுபோல் ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பது.

என் கியர் விகிதம் 2.08. 4500 ஆர்.பி.எம்.மை 2.08-ஆல் வகுத்தால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2163 சுற்று. பிட்ச் 10 அங்குலம், அதாவது 0.254 மீட்டர். பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 549 மீட்டர், மணிக்கு 33 கிலோமீட்டர். ஓடியதோ 25. ஏறக்குறைய கால்பங்கு, புரொப்பெல்லர் தண்ணீரில் பிடிப்பில்லாமல் சுழலும் வழுக்கலில் போகிறது. நன்றாக அமைந்த லேசான படகில் இது 10 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

8 அங்குலப் பிட்ச் மாட்டினேன். ஆர்.பி.எம். 5100-க்கு ஏறியது. கணக்கு வேகம் 30-க்கு இறங்கிவிட்டது, ஆனால் படகு உண்மையில் ஓடியது 26. மச்சினனும் பெட்டியும் இருக்கும்போதே மூக்கு இறங்கித் தட்டையாகப் போனது. மோட்டாருக்குள் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

ஒரு அங்குலப் பிட்ச் மாறினால் 200 முதல் 300 ஆர்.பி.எம். மாறும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு ரொம்பக் குறைத்துவிடாதீர்கள். ஆள் இறங்கிப் படகு லேசானதும் ஆர்.பி.எம். வரம்பைத் தாண்டும். கட்டுப்படுத்தும் கருவி இல்லாத பழைய டூ-ஸ்ட்ரோக் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

மோட்டார் மாட்டியிருக்கும் உயரத்தையும் பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதே, அது படகின் அடியோடு சமமாகவோ ஒரு அங்குலம் வரை மேலாகவோ நிற்க வேண்டும். கீழே தொங்கினால் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும், மிக மேலே போனால் புரொப்பெல்லர் காற்றைக் கடைந்துவிடும். எடையை முன்னால் தள்ளுங்கள். நான் கைப்பிடிக்கு நீட்டிப்புக் குழாய் ஒன்று போட்டு இரண்டு அடி முன்னால் உட்கார்ந்தேன், பெட்ரோல் டேங்கை அணியத்துப் பக்கம் தள்ளினேன். படகு எழுந்துகொள்ள எடுக்கும் நேரம் பாதியானது.

இனி மோட்டாருக்குள்

உற்பத்தியாளர்கள் ஒரே எஞ்சினை இரண்டு மூன்று திறன்களில் விற்கிறார்கள். டோஹட்சுவின் 4, 5, 6 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் மூன்றும் 123 சி.சி. சுசுகியின் DF9.9B, DF15A, DF20A மூன்றும் 327 சி.சி. ஹோண்டாவின் 15-உம் 20-உம் 350 சி.சி. ஜான்சன், எவின்ரூட் 1974-இல் கொண்டுவந்த 9.9, 15 இரண்டுக்கும் ஒரே 13.2 கன அங்குல எஞ்சின். அந்த இரண்டுக்கும் முக்கிய வித்தியாசம் கார்புரேட்டர்தான். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுதான் திறன். சின்ன மாடலில் எங்கேயோ ஓரிடத்தில் தொண்டையை நெரித்து வைத்திருப்பார்கள்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க உதிரிபாகப் பட்டியல் போதும். உங்கள் மாடலுக்கும் அதன் பெரிய அண்ணன் மாடலுக்கும், அதே ஆண்டுக்கான படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாக எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கிராங்க், பிஸ்டன், சிலிண்டர் பிளாக், கியர் எல்லாம் ஒரே எண் என்றால் நல்ல சகுனம். வேறுபடும் பாகங்கள்தான் உங்கள் ஷாப்பிங் பட்டியல். பெரும்பாலும் கார்புரேட்டர், அதில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள ஜெட், திராட்டில் முழுதாகத் திறக்காமல் தடுக்கும் ஒரு சின்னத் தடுப்பு, நுழைவாயிலில் துளை சிறிதாக இருக்கும் ஒரு தகடு, டூ-ஸ்ட்ரோக்கில் கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடான ரீட் வால்வு தூக்கும் உயரம், சிலவற்றில் புகைக்குழாய். பிஸ்டனோ கியரோ வேறு எண் என்றால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். பெட்ரோலை ஊசியால் செலுத்தும் புது மோட்டார்களில் நெரிப்பு கணினிக்குள்ளும் இருக்கலாம், அங்கே ஸ்பேனருக்கு வேலை குறைவு.

ஹெட்டை ராவிக் கம்ப்ரெஷனை ஏற்றலாம், சிலிண்டர் வாயில்களைப் பெரிதாக்கலாம் என்பவர்கள் உண்டு. பந்தயத்துக்குச் சரி. கரையிலிருந்து நாலு மைல் தள்ளித் தூண்டில் போடுகிறவன் எஞ்சினில் அதைச் செய்யக்கூடாது. ஆக்டேன் கூடிய பெட்ரோல் ஊற்றினால் திறன் கூடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான்.

இனி என் பிஸ்டன் கதை. பட்டியலைப் பார்த்தேன், 15-இன் கார்புரேட்டர் வேறு என்று தெரிந்தது. விலையைப் பார்த்துவிட்டு, பழைய கார்புரேட்டரிலேயே தடுப்பை மட்டும் ராவி எடுத்துத் திராட்டிலை முழுதாகத் திறக்கவிட்டேன். ஜெட்டை மாற்றவில்லை. காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது, உள்ளே குளிர்ச்சி தருவதும் அந்தக் கலவைதான். முதல் மூன்று நிமிடம் அற்புதமாக ஓடியது. பிறகு சத்தம் கணீரென்று மாறியது, ஆர்.பி.எம். தானாகக் கொஞ்சம் ஏறியது. நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. மச்சினன் கேட்காமலேயே துடுப்பை எடுத்தான். வீட்டில் திறந்து பார்த்தால், புகை வெளியேறும் பக்கத்தில் பிஸ்டன் உருகி சிலிண்டர் சுவரில் வெள்ளியாகப் பூசியிருந்தது.

அதனால் கார்புரேட்டரை ஜெட்டோடு முழுதாக மாற்றுங்கள். பழையது வாங்கினால் ஜெட்டைக் கழற்றி அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பட்டியலோடு சரிபாருங்கள். முந்தையவர் எதை மாட்டியிருப்பார் என்று சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் ஒரு அளவு பெரிய ஜெட்டே போடுங்கள். பெட்ரோல் கூடினால் புகையும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டன் போகும்.

மாட்டியபின் கையேட்டில் உள்ள விகிதத்தில் எண்ணெய் கலந்து (என்னுடையதற்கு 50-க்கு 1), வெட்டவெளித் தண்ணீரில் முழு திராட்டிலில் ஒரு நிமிடம் ஓட்டி, திராட்டிலைக் குறைக்காமல் அப்படியே அணைத்துவிடுங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளிர்பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, ஜெட் பெரிதாக்காமல் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் பம்பினுள் சுழலும் இம்பெல்லரையும் இதே சாக்கில் மாற்றிவிடுங்கள். திறன் கூடினால் சூடும் கூடும்.

15 ஆனதும் 8 அங்குலப் பிட்ச் போதவில்லை, வரம்பைத் தாண்டி அலறியது. 9 அங்குலம் மாட்டினேன்: 5300 ஆர்.பி.எம்., 30 கிலோமீட்டர். வர்க்கமூலக் கணக்குப்படி 32 வந்திருக்க வேண்டும். அந்த இரண்டு கிலோமீட்டர் எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செய்யுமுன் படிக்க வேண்டியது, ஆனால் யாரும் படிக்காதது

படகில் அதிகபட்சக் குதிரைத்திறன் எழுதிய தகடு இருக்கும். அதைத் தாண்டாதீர்கள். கூடும் உந்துவிசை முழுவதையும் தாங்குவது பின்பலகை. அங்கே வெடிப்போ, மரமென்றால் ஊறலோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மூடியில் 9.9 என்று ஒட்டியிருக்க உள்ளே 15 ஓடினால், பதிவும் காப்பீடும் அதற்கேற்ப மாற வேண்டும். சில நீர்நிலைகளில் 10 குதிரைத்திறனுக்கு மேல் அனுமதியே கிடையாது. மோட்டாருக்கு உத்தரவாதக் காலம் மிச்சம் இருந்தால் அது போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை அணைக்கும் கயிற்றை மணிக்கட்டிலோ காலிலோ மாட்டாமல் ஒரு தடவைகூட ஓட்டாதீர்கள். திறன் கூடிய கைப்பிடி மோட்டார் திடீரென்று திருகினால் ஆள் தண்ணீரில், படகு உங்களைச் சுற்றி வட்டமடிக்கும்.

கழற்றிய பழைய கார்புரேட்டரைத் தூக்கி எறியாதீர்கள். பெட்ரோலை வடித்து, எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஜெட் எண்ணை ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே வையுங்கள். மோட்டாரை விற்கும்போதோ, பெரிய மோட்டாரை விடாத ஏரிக்குப் போகும்போதோ அரை மணி நேரத்தில் திரும்ப 9.9 ஆக்கிவிடலாம். என்னுடையதில் தடுப்பை ராவிவிட்டேன், அதனால் அதுவும் முடியாது.