பெப்டைடு சீரம்: லேபிள் படிப்பதிலிருந்து முகத்தில் போடுவது வரை

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி; முகச் சுருக்கத்தைக் குறைக்கும் என்று சீரத்தில் சேர்க்கிறார்கள். கடையில் சீரம் எடுத்ததும் பாட்டிலைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். பால்மிடாயில் பென்டாபெப்டைடு-4, அசிடைல் ஹெக்சாபெப்டைடு-8, காப்பர் டிரைபெப்டைடு-1 ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கும். பெப்டைடின் பெயர் பட்டியலின் கடைசியில் கிடக்கும். உடனே ஏமாற்று வேலை என்று வைத்துவிடாதீர்கள். பட்டியலில் அதிகம் இருப்பது முதலில் வரும், ஆனால் ஒரு சதவீதத்துக்குக் குறைவானவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதுதான் விதி; பெப்டைடு தேவைப்படுவதும் அணுவளவே. பிராக்டர் அண்டு கேம்பிள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 35 முதல் 55 வயதுள்ள 93 பெண்கள், முகத்தின் ஒரு பாதியில் பெப்டைடு கிரீமும் மறுபாதியில் பெப்டைடு இல்லாத கிரீமும் 12 வாரம் போட்டார்கள். கலந்த பென்டாபெப்டைடு பத்து லட்சத்தில் 3 பங்குதான். சுருக்கம் குறைந்தது, ஆனால் கொஞ்சம்தான். கிரீம் விற்கும் நிறுவனமே செய்த ஆய்வு என்பதையும் மனதில் வையுங்கள்.

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "10%" என்றிருந்தால், அது பெரும்பாலும் பெப்டைடின் அளவல்ல; பெப்டைடோடு தண்ணீர், கிளிசரின் எல்லாம் சேர்ந்த கரைசலின் அளவு. அந்த எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

மேலே சொன்ன அசிடைல் ஹெக்சாபெப்டைடு-8ஐ, அதாவது ஆர்ஜிரிலைன் என்ற வணிகப் பெயரில் வருவதை, 'ஊசி இல்லாத போடாக்ஸ்' என்று விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. போடாக்ஸ் தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் மருந்து; அதை நேராகத் தசையில் குத்துகிறார்கள். தோலின் மேல் பூசும் ஆர்ஜிரிலைனின் மூலக்கூறு எடையோ சுமார் 889 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு). 500ஐத் தாண்டினாலே தோல் எளிதில் உள்ளே விடாது.

சரி, போடும் முறை. முதலில் முழங்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால், முகம் கழுவி, லேசான ஈரத்தோடு இரண்டு மூன்று சொட்டு, அப்புறம் மாய்ச்சுரைசர். பகலில் சன்ஸ்கிரீன் போடாவிட்டால் சீரத்துக்குக் கொடுத்த பணம் தண்டம். பாட்டிலில் டிராப்பரைவிடப் பம்ப் நல்லது, காற்று அதிகம் உள்ளே போகாது.

தொடங்கும் அன்றே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள், போனில் பியூட்டி மோடை அணைத்துவிட்டு. 12 வாரம் கழித்து அதே இடம், அதே நேரம், சிரிக்காமல் இன்னொன்று. கண்ணாடியை நம்பினால் தினமும் ஒரு தீர்ப்பு வரும்.

பின்சேர்க்கை: சீரம் நீலமாக இருக்கிறதே, கெட்டுவிட்டதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். காப்பர் பெப்டைடு என்றால் அதன் நிறமே அதுதான், உள்ளிருக்கும் தாமிரத்தால். ஆனால் அதோடு வைட்டமின் சி சீரத்தை ஒரே வேளையில் பூச வேண்டாம். தாமிரம் பட்டால் வைட்டமின் சி சீக்கிரம் சிதையும். சி காலையில், காப்பர் இரவில்.