புதுக் காரில் பெயின்ற் குறை: விற்றவரிடமே திருத்தக் கொடுப்பதா, விடுவதா?

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கிய பிறகு, கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் புதுக் கார் எடுப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். நான் எடுத்த காரின் பொனற்றில் மெல்லிய சுழல் கீறல்களும் பின் கதவில் பெயின்றுக்குள் அகப்பட்ட ஒரு தூசிப் பொட்டும் இருந்தன. விற்ற இடத்தில், "கொண்டு வாங்கோ அண்ணை, அந்தக் கதவுக்குப் பெயின்ற் அடிச்சே தாறம்" என்றார்கள். அதற்கு ஓம் சொல்வதா என்று முடிவெடுக்க நான் செய்தவை இவை.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன்: கம்பனிப் பெயின்றை இயன்றவரை காப்பாற்றுங்கள். தொழிற்சாலையில் வயர், சீற், பிளாஸ்ரிக் எதுவும் பூட்டாத வெறும் உடலுக்குப் பெயின்ற் அடித்து, 140 பாகை செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். முழுதாகப் பூட்டிய காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. ஆகவே நல்ல பூத் (தூசி புகாத பெயின்ற் அறை) உள்ள கராச்சில்கூட, பெயின்றை இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து 60 பாகை அளவில்தான் காயவைப்பார்கள். சில கராச்களில் அதுவும் இல்லை, தகரக் கொட்டிலும் வெயிலும்தான். பக்கத்தில் கிரவல் வீதி இருந்தால் செம்மண் தூசி ஈரப் பெயின்றிலேயே வந்து குந்தும்.

படி 1: கழுவுங்கள்
தூசியோடு பார்த்தால் எதுவும் பிடிபடாது. நிறையத் தண்ணீர் ஊற்றி, மைக்ரோபைபர் துணியால் கழுவுங்கள். பழைய சாரத் துண்டு வேண்டாம். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் என்றால் காய விடாமல் உடனே ஒற்றி எடுங்கள், எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் பொட்டைப் பெயின்ற் குறை என்று நினைத்துவிடலாம்.

படி 2: சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்
காலை வெயில் அல்லது நிழலில் போன் ரோர்ச் போதும். விலைகூடிய லைற் தேவையில்லை. உச்சி வெயிலில் கண் கூசி முக்கியமானதைத் தவறவிடுவீர்கள். பெயின்ற் மேற்பரப்பு தோடம்பழத் தோல் மாதிரி இலேசாக அலை அலையாக இருந்தால் அது பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அதைத் தேய்த்துச் சமப்படுத்த யாரையும் விடாதீர்கள்.

படி 3: குறை எவ்வளவு ஆழம்?
என்னை அதிக நேரம் மறித்த படி இதுதான். முடிவு முழுக்க இதில்தான் தங்கியிருக்கிறது, அதனால் ஆறுதலாகச் செய்யுங்கள்.

கீறலில் விரலால் தண்ணீர் தடவுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது நிறத்துக்கு மேலே உள்ள நிறமில்லாத படையான கிளியர் கோற்றுக்குள்தான் இருக்கிறது. பிறகு நகத்தைக் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் தடக்கவில்லை என்றால் பொலிஷில் போய்விடும். தடக்கினால் பொலிஷ் முழுதாக எடுக்காது. உள்ளே சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் நிறத்துக்கு அடியில் உள்ள பிறைமர் படை வரை போயிருக்கிறது. தகரம் மினுங்கினால் விடவே கூடாது, துரு பிடிக்கும்.

சந்தேகம் இருந்தால் பெயின்ற் தடிப்பு மானியை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஒரு காருக்காக விலைக்கு வாங்குவது வீண் செலவு. கம்பனிப் பெயின்ற் எல்லாப் படையும் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்) வரும். ஒரு கதவு மட்டும் 200ஐத் தாண்டினால், புதுக் கார் என்றாலும் அந்தக் கதவு வழியில் எங்கோ அடிபட்டுத் திரும்பப் பெயின்ற் கண்டிருக்கலாம். அதைத் திருத்தச் சொல்லிக் கேட்பதைவிட விலையைப் பற்றிக் கதைப்பதே சரி.

அந்த மொத்தத் தடிப்பில் கிளியர் கோற் ஏறத்தாழ 40, 50 மைக்ரோன்தான். வெயிலை மறிப்பது அதுதான். வன்னி வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காருக்கு அதில் ஒவ்வொரு மைக்ரோனும் பெறுமதி. அதனால் கம்பளிச் சக்கரம் போட்டு ரப்பிங் கொம்பவுண்டால் அரைக்கும் 'கட் அன் பொலிஷ்' எனக்குப் பிடிக்காது. மெல்லிய பொலிஷ், ஸ்பொஞ் பாட், அந்த இடம் மட்டும் என்று கேளுங்கள்.

படி 4: விற்றவரிடம் கேட்க வேண்டியவை
பொலிஷா, பெயின்றா? பெயின்ற் என்றால் பூத்தில் அடிப்பார்களா? அந்தக் கதவு மட்டுமா, பக்கத்துக் கதவுக்கும் நிறத்தைக் கலந்து விடுவார்களா? பேர்ள், மெற்றாலிக் நிறங்களில் இந்தக் கலப்பு இல்லாவிட்டால் வெயிலில் கதவு தனியாகத் தெரியும். உதாரணத்துக்கு ரொயோற்றாவின் நிற இலக்கங்களில் 040 தனி வெள்ளை, ஓரளவு சுலபம். 070 பேர்ள் வெள்ளை பல படை கொண்டது, நல்ல கைகாரனுக்கே கடினம்.

தெளிவான பதில் வராவிட்டால் கொடுக்காதீர்கள். எந்தப் பதில் வந்தாலும் குறையைப் படமெடுத்து, எந்த இடம், எப்படித் திருத்துவது, யார் செலவு என்று எழுத்தில் வாங்கிவிட்டே கையளிப்புப் படிவத்தில் கையெழுத்து வையுங்கள். "பிறகு வாங்கோ, பாப்பம்" என்பது எழுத்தில் இல்லாவிட்டால் ஒன்றுக்கும் உதவாது.

என் பொனற்றை மென்மையாகப் பொலிஷ் பண்ணித் தரச் சம்மதித்தேன். தூசிப் பொட்டுக்காகக் கதவு அடிப்பதை மறுத்தேன். அந்தக் கதவின் கீழ்ப்பாதியில் எப்படியும் கிரவல் கல் தெறிக்கத்தான் போகிறது. பதிலுக்கு முதல் சேர்விஸ் ஒன்றை இலவசமாக எழுதித் தந்தார்கள்.

பின்சேர்க்கை: பம்பரைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அது பிளாஸ்ரிக், நான் சொன்ன சாதாரண மானி அதில் வேலை செய்யாது, துருவும் பிடிக்காது. கழற்றித் தனியாக அடிக்கலாம் என்பதால் அதில் பெயின்றுக்கு நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். நிறம் உடலோடு இலேசாக மாறுபடுவது கம்பனியிலிருந்து வரும் கார்களிலும் உண்டு.

இன்னொன்று: முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஒருவர், தகரம் தெரியும் சின்னப் பொட்டுக்கு விற்றவர் தரும் திகதிவரை காத்திருக்கலாமா என்று கேட்டார். உப்புக் காற்றில் காத்திருக்க வேண்டாம். படம் எடுத்து அனுப்பி, நீங்களே மூடப்போவதாக எழுத்தில் அறிவித்துவிடுங்கள். பிறகு கதவுத் தூணில் உள்ள ஸ்ரிக்கரில் நிற இலக்கத்தைப் பார்த்து ரச் அப் பெயின்ற் வாங்குங்கள். அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, காய்ந்த பின் மெல்லிய படையாக வையுங்கள். ஒரு படை நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.