டோர்னமெண்ட் போக்கர்: பரிசு வரிசைக்கு ஒரு படி முன்னால் போட வேண்டிய கணக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த ஒரு வார இறுதிப் போட்டியில், இன்னும் ஒரே ஒருவர் வெளியேறினால் மீதமுள்ள அனைவருக்கும் பரிசு என்ற நிலையில் என் கைக்கு ஏஸும் கிங்கும் வந்தன. மேசையிலேயே பெரிய சிப்புக் குவியலை வைத்திருந்தவர் ஆல்-இன் போட்டார், அதாவது தன் சிப்பு முழுவதையும் பந்தயமாக வைத்தார். நான் இரண்டு நொடிகூட யோசிக்காமல் கால் செய்தேன், அதாவது ஈடு கட்டினேன். அவர் திருப்பிக் காட்டியது ஒரு ஜோடி ஏழு. ஐந்து பொதுச் சீட்டுகளிலும் எனக்கு வேண்டியது எதுவும் வரவில்லை. வெறுங்கையோடு ஹிகின்சன் நெடுஞ்சாலையில் சாட்ஸ்வர்த் நோக்கி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது, ‘சீட்டு சரியாக விழவில்லை’ என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்துக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான், சீட்டு எப்படி விழுந்திருந்தாலும் அந்தக் கால் தவறானது என்பது விளங்கியது.

அந்தக் கணக்கைத் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குப் படிப்படியாக விளக்குவதே இப்பதிவின் நோக்கம். எந்தக் கை எதை வெல்லும், பிளைண்ட் என்றால் என்ன என்பவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 18 வயது நிரம்பியவர்கள் உரிமம் பெற்ற சூதாட்ட விடுதிகளில் மேசையில் அமர்ந்து ஆடலாம். பணம் வைத்து இணையத்தில் ஆடும் போக்கருக்கு 2004ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டம் இடம் தரவில்லை. எனவே இங்கே சொல்வதெல்லாம் நேரடி மேசை ஆட்டத்தைப் பற்றியது.

முதல் படி, சிப்பும் பணமும் ஒன்றல்ல என்பதை மனத்தில் இருத்திக்கொள்வது. நம்மவர் பலருக்கு இது எளிதில் பிடிபடாததற்குத் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் ஆடும் துனீ என்ற சீட்டாட்டமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. திருச்சியிலிருந்து வந்த எனக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் என் மாமனார். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2 என்று நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304 புள்ளிகள். ஜாக்கியும் ஒன்பதும் கையில் சேர்ந்துவிட்டால் துணிந்து ஏலம் கேட்பதுதான் அங்கே அழகு. ஏலம் தவறினாலும் அடுத்த சுற்றில் மறுபடி ஆறு சீட்டு கைக்கு வந்துவிடும். டோர்னமெண்டில் அப்படி அடுத்த சுற்று வருவதில்லை. கடைசிச் சிப்பு போனால் நாற்காலியை விட்டு எழ வேண்டியதுதான்.

பரிசு பிரிக்கப்படும் முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2007ஆம் ஆண்டு லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 6,358 பேர் ஆடினார்கள். மொத்தப் பரிசுத் தொகை ஏறத்தாழ 6 கோடி டாலர். வென்ற ஜெர்ரி யாங்கின் முன்னால் இறுதியில் அத்தனை பேருடைய சிப்புகளும் குவிந்திருந்தன; ஆனால் அவருக்குக் கிடைத்தது 82.5 லட்சம் டாலர், அதாவது மொத்தத்தில் 14 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு சிப்புகூட மிஞ்சாமல் மூன்றாம் இடத்தில் வெளியேறிய நம் ஜோஹானஸ்பர்க் ரேமண்ட் ராமே 30 லட்சம் டாலருக்கு மேல் பெற்றார். ஆகவே வெல்லும் சிப்பைவிட இழக்கும் சிப்புக்கே விலை அதிகம். எவ்வளவு அதிகம் என்பதைச் சொல்வதுதான் ஐ.சி.எம். எனப்படும் கணக்கு.

இரண்டாம் படியில் ஒரு சிறிய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூவர் மிஞ்சியிருக்கிறார்கள், முதல் பரிசு 60,000 ரேண்ட், இரண்டாம் பரிசு 40,000 ரேண்ட், மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை. மொத்தச் சிப்பு 1,00,000. என்னிடம் 30,000, பெரிய குவியல் உள்ளவரிடம் (இனி ‘பெரியவர்’) 50,000, சிறிய குவியல் உள்ளவரிடம் (இனி ‘சிறியவர்’) 20,000. முதலிடம் பெறும் வாய்ப்பு சிப்பு விகிதப்படியே அமையும் என்பது ஐ.சி.எம்.மின் அடிப்படை, ஆகவே எனக்கு 30 விழுக்காடு.

மூன்றாம் படியில்தான் நான் வாரக்கணக்கில் தடுக்கி விழுந்தேன். இரண்டாம் இடம் பெறும் வாய்ப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் செய்ததுபோல மீண்டும் 1,00,000 ஆல் வகுக்கக் கூடாது. முதலிடத்தை யார் பெறுகிறாரோ, அவருடைய சிப்பை மேசையிலிருந்தே எடுத்துவிட்டு, மிச்சத்தில் நம் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பெரியவர் வெல்ல 50 விழுக்காடு வாய்ப்பு, அவருடைய 50,000ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது 50,000, அதில் என்னுடையது 30,000, ஆகவே 0.5 × 0.6 = 0.30. சிறியவர் வெல்ல 20 விழுக்காடு வாய்ப்பு, அவருடைய 20,000 போனால் மிஞ்சும் 80,000இல் என்னுடையது 30,000, ஆகவே 0.2 × 0.375 = 0.075. இரண்டையும் கூட்டினால் 37.5 விழுக்காடு.

இனி என் குவியலின் பணமதிப்பு: 60,000இல் 30 விழுக்காடு 18,000, 40,000இல் 37.5 விழுக்காடு 15,000. ஆக மொத்தம் 33,000 ரேண்ட். இப்போது பெரியவர் ஆல்-இன் போடுகிறார். நான் கால் செய்து வென்றால் எனக்கு 60,000 சிப்பு, மற்ற இருவருக்கும் தலா 20,000. அதே கணக்கை மறுபடி போட்டால் முதலிடத்துக்கு 60 விழுக்காடு, இரண்டாமிடத்துக்கு 30 விழுக்காடு; மதிப்பு 36,000 + 12,000 = 48,000. தோற்றால் பூஜ்யம். சிப்பு இரு மடங்கானபோது பணம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஃபோல்ட் செய்தால், அதாவது கையை மடக்கினால், 33,000; கால் செய்தால் 48,000 அல்லது ஒன்றுமில்லை. 33ஐ 48ஆல் வகுத்தால் 68.75. நூற்றுக்கு 69 முறையாவது வெல்லும் கையாக இருந்தால்தான் அந்தக் கால் நியாயமாகும்.

நான்காம் படியில் இந்த எண்ணைச் சீட்டோடு பொருத்திப் பாருங்கள். எதிராளி சீட்டையே பார்க்காமல் எந்த இரண்டோடும் ஆல்-இன் போடுகிறார் என்று வைத்துக்கொண்டாலும், வெவ்வேறு இன ஏஸ்-கிங் வெல்வது சுமார் 65 விழுக்காடு, ஒரே இனமாக இருந்தால் 67. இரண்டுமே போதாது. ஒரு ஜோடி எட்டுக்கு 69 விழுக்காடு இருப்பதால் அது நூலிழையில் தேறும். உண்மையில் யாரும் எல்லாக் கையோடும் ‘தள்ளுவதில்லை’ (ஆல்-இன் போடுவதில்லை). எதிராளி கொஞ்சம் தேர்ந்தெடுத்துத் தள்ளினாலே நம் ஏஸ்-கிங்கின் விழுக்காடு இன்னும் இறங்கிவிடும். இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள்: பெரிய குவியல் உங்களிடம் இருந்தால், எதிரே இருப்பவர் ஏஸ்-கிங்கையே மடக்க வேண்டிய நிலையில் இருக்கிறார் என்பதால், நீங்கள் மிகச் சாதாரணக் கையோடும் தள்ளலாம்.

கருவிகளைப் பொறுத்தவரை என் விருப்பம் கறாரானது. முதல் இருபது உதாரணங்களைக் கோடு போட்ட நோட்டில் பேனாவால் போட்டுப் பாருங்கள். அதன் பிறகே ஐசிஎமைசர் போன்ற மென்பொருளைத் தொடுங்கள். கையின் விழுக்காடுகளுக்கு ஈக்விலேப் தாராளமாகப் போதும். தொடக்கத்திலேயே மென்பொருளில் இறங்கியவர்கள் விடையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, மேசையில் நிலைமை சற்று மாறினாலும் விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தின் நடுவே கைபேசியில் கணக்குப் போடவும் விடமாட்டார்கள்.

தொழிலாக ஆட நினைப்பவர்களுக்கும் சில வரிகள். ஒரு போட்டிக்கான நுழைவுக் கட்டணத்தைப்போல நூறு மடங்காவது தனியாக ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். நன்றாக ஆடுபவரும் பெரும்பாலான போட்டிகளில் பரிசின்றியே திரும்புகிறார். ஜோஹானஸ்பர்க் போட்டி ஒன்றுக்கு என்3 சாலையில் 570 கிலோமீட்டர் ஓட்டிச் சென்று, முதல் நாளின் இரண்டாம் மணி நேரத்திலேயே வெளியேறி, வாடகை கட்டிய அறையில் மறுநாள்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இத்தொழிலில் அடக்கம். வீட்டுச் செலவுப் பணத்தைத் தொட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். தென்னாப்பிரிக்கப் பொறுப்புச் சூதாட்ட அறக்கட்டளை இலவசமாகவே உதவி செய்கிறது. நான் இன்றும் பகல் வேலையை விடவில்லை; தைப்பூசக் காவடி விரதத்தின்போது மேசைப் பக்கமே போவதில்லை என்பது மாமியாரிடம் கொடுத்த வாக்கு.

இந்தக் கணக்கால் எனக்குக் கிடைத்த நேரடி லாபம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இறுதி மேசையில் மிஞ்சியவர்கள் பரிசைப் பேசிப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்போது முன்னிலையில் இருப்பவர், ‘சிப்பு விகிதப்படியே பிரித்துவிடலாமே, அதுதானே நியாயம்’ என்பார். நம் உதாரணத்தில் அவர் சொல்படி நடந்தால் அவருக்கு 50,000, எனக்கு 30,000, சிறியவருக்கு 20,000 ரேண்ட். ஐ.சி.எம். படி அவருக்கு 43,571, எனக்கு 33,000, சிறியவருக்கு 23,429. அந்த ‘நியாயத்துக்கு’த் தலையாட்டினால் எங்கள் இருவர் பையிலிருந்தும் 6,400 ரேண்டுக்கு மேல் அவருக்குப் போய்விடும்.

பின்சேர்க்கை 1: பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர் ஒருவர், இதைப் படித்த பிறகு எல்லாக் கையையும் மடக்கியே வெளியேறியதாக வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். 27 பேருக்குப் பரிசு உள்ள போட்டியில் 60 பேர் மிஞ்சியிருந்தபோதே, ஆறு பெரிய பிளைண்ட் மட்டும் வைத்துக்கொண்டு அவர் காத்திருக்கத் தொடங்கியிருக்கிறார். பரிசு வரிசை அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது சிப்பும் பணமும் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும். மேலும், சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட், பெரிய பிளைண்டுக்காரரே கட்டும் ஆன்டி எனும் கட்டாயத் தொகை ஆகிய மூன்றையும் கூட்டினால் ஒரு சுற்றுக்கு இரண்டரைப் பெரிய பிளைண்ட் செலவாகிறது. ஆறு என்பது இரண்டு சுற்றுக்கே சரியாக இருக்கும். அங்கே ஓரளவு நல்ல கை வந்தவுடன், யாரும் உள்ளே வருவதற்கு முன் நீங்களே ஆல்-இன் போட வேண்டும். மேலே சொன்ன கறார்க் கணக்கு, மற்றவர் போட்ட ஆல்-இன்னுக்குக் கால் செய்வதற்கு, அதுவும் வரிசையின் விளிம்பில், உரியது.

பின்சேர்க்கை 2: என் உதாரணத்தில் பிளைண்ட் தொகையையே விட்டுவிட்டேன் என்று வேறொருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. பெரியவர் சிறிய பிளைண்டிலும் நான் பெரிய பிளைண்டிலும் இருந்து, என் 2,000 சிப்பு ஏற்கெனவே நடுவில் கிடக்கிறது என்று கொண்டால், மடக்கிய பின் என்னிடம் 28,000, அவரிடம் 52,000 இருக்கும். அப்போது என் மதிப்பு 31,733 ரேண்ட்; தேவைப்படும் வெற்றி 66.1 விழுக்காடு. எந்த இரண்டு சீட்டோடும் தள்ளுபவருக்கு எதிராக ஒரே இன ஏஸ்-கிங் இப்போது தேறிவிடுகிறது. வெவ்வேறு இனமானால் இன்னும் போதாது. அன்று என் கையில் இருந்தவை இஸ்பேட் ஏஸும் டைமன் கிங்கும்.