சிறையைப் பார்வையிடப் போகும் குழுத் தலைவர்களே, இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் சுங்கை சிப்புட்டில், ஒரு கோயில் மண்டபத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி நடத்தினேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், தாதி, இரண்டு வழக்கறிஞர்கள், மீதிப் பேர் இளையவர்கள். சிறைகளைச் சுயேச்சையாகப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் குழுக்களை இனி நடத்தப் போகிறவர்கள் இவர்கள்தான். ஒரு பார்வையிடலை நடித்துக் காட்டச் சொன்னேன். மதியச் சோற்றுக்குள், என் ஆரம்ப காலத்தில் நான் செய்த தவறுகளை ஒவ்வொன்றாகச் செய்து முடித்துவிட்டார்கள்.

நேரத்துக்குப் போவது, அனுமதிக் கடிதத்தை மறக்காமல் எடுத்துப் போவது, மரியாதையாக உடுத்துவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காட்டுவதை மட்டும் பார்ப்பது

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள். லேபர் ஆபீஸ் ஜீப் வருகிறது என்றால் முதல் நாளே சாக்கடை ஓரமெல்லாம் சுண்ணாம்பு விழும். அதிகாரியிடம் யார் பேசலாம் என்பது காலையில் ஆள் எடுக்கும் பெரட்டிலேயே முடிவாகிவிடும். அதனால் ஒரு சிறைக்குள் நுழைந்ததும் புதுச் சுண்ணாம்பு வாசம் வந்தால் எனக்குப் போதும். நம்மை அழைத்துப் போகும் வழியை விட்டு வேறு பிளாக்கைக் காட்டச் சொல்வேன்.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகளில் 84ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. எந்தச் சிறைக்குப் போவது, எந்தக் கைதியிடம் பேசுவது என்பதைப் பார்வையிடுபவரே தீர்மானிக்கலாம். முன்னறிவிப்பு இல்லாமலும் போகலாம். பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். கைதிகளிடமும் ஊழியர்களிடமும் தனியாகப் பேசலாம்.

ஆனால் நம் நாட்டில் அதைக் காட்டினால் கதவு தானாகத் திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. அதனால், தடுத்துவைக்கும் இடங்களைச் சுயேச்சையாகப் பார்வையிட வகைசெய்யும் அதன் விருப்ப நெறிமுறையும் நம்மைக் கட்டாது. 1999ஆம் ஆண்டு மனித உரிமை ஆணையச் சட்டம், மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்குப் பார்வையிடும் அதிகாரம் தருகிறது. அதுவும் அந்தந்த இடத்துக்கான சட்டம் வகுத்த நடைமுறைப்படிதான். ஆகவே யாரிடம் பேசுவோம், எங்கே வைத்துப் பேசுவோம் என்பதைப் போவதற்கு முன்பே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று வாதாடினால் அரை நாள் போய்விடும்.

அளவு நாடா இல்லாமல் போவது

‘நெரிசலாக இருந்தது’ என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். அறையை அளந்து, ஆட்களை எண்ணுங்கள். பலர் தங்கும் அறையில் ஆளுக்கு 3.4 சதுர மீட்டர் என்பது அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவின் பரிந்துரை. ஐரோப்பியச் சித்திரவதைத் தடுப்புக் குழு, கழிப்பறையைச் சேர்க்காமல் 4 சதுர மீட்டர் கேட்கிறது.

பெயரைச் சொல்லவில்லையே என்று தேறிக்கொள்வது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

நான் தலைமை ஏற்ற இரண்டாவது பார்வையிடல் அது. ஒரு பிளாக்கில் ஒருவர், கம்பி ஓரமாக வந்து தமிழில் மெதுவாகப் பேசினார். இனிப்புநீர் உள்ளவர். அந்த வாரம் இரண்டு முறை இன்சுலின் ஊசி போட அழைத்துப் போகவில்லையாம். குறித்துக்கொண்டேன். மாலையில், முடிவுக் கூட்டத்தில் சிறை இயக்குநரிடம் சொன்னேன்: “இந்தப் பிளாக்கில் ஒருவருக்கு இந்த வாரம் இரண்டு முறை இன்சுலின் தவறியிருக்கிறது.” பெயரும் எண்ணும் சொல்லவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நம்பினேன்.

அந்தப் பிளாக்கில் இன்சுலின் போடுபவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த முறை போனபோது அவர் அங்கே இல்லை. தொலைவில் இருக்கும் வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருந்தார். வழக்கமான இடமாற்றம் என்றார்கள். இருக்கலாம். இல்லை என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை, அதுதான் இந்தத் தவற்றின் கொடுமை. அவருடைய அம்மா எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம். மாதம் ஒரு முறை ஒரே பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்தவர், அப்புறம் மூன்று பஸ் மாற வேண்டியதாயிற்று. ஒரு நாள் சந்தையில் என்னை அடையாளம் கண்டு, “அவன் உங்ககிட்ட என்னம்மா சொன்னான்?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பேசாமல் நின்றேன்.

எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை இது. என் அம்மா ஒருமுறை லேபர் ஆபீஸ் ஐயாவிடம் குழாய்த் தண்ணீர் கலங்கி வருவதைச் சொன்னார். அவர் நல்லவர், யார் சொன்னது என்று காட்டிக்கொடுக்கவில்லை. ‘கடைசி லயத்தில் தண்ணீர் சரியில்லையாமே’ என்று மட்டும்தான் நிர்வாகியிடம் கேட்டார். அன்று கடைசி லயத்தில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தது அம்மா மட்டும். அடுத்த வாரமே அவருக்குப் பால் வெட்ட மேட்டுக்காட்டு மர வரிசையை, அந்த நிரையை, கொடுத்துவிட்டார்கள். பால் வாளியோடு சரிவில் இறங்கி இறங்கி அவர் முழங்கால் போனதைப் பார்த்து வளர்ந்த நானே இப்படிச் செய்தேன்.

பயிற்சியில் ஒரு தம்பியும் இதையே செய்தார். நிறுத்தினேன். “பெயரைச் சொல்லவில்லையே, அக்கா” என்றார்.

நான் இப்போது செய்வது இதுதான். ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிடுவதில்லை. வரிசையாகப் பத்துப் பதினைந்து பேரைப் பார்ப்பேன். எதுவும் சொல்ல விரும்பாதவரோடும் அதே பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். சொன்னதை எப்படிப் பயன்படுத்தப் போகிறேன் என்று விளக்கி, சம்மதம் கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். “உங்களுக்கு ஒன்றும் ஆகாது” என்று ஒருபோதும் வாக்குக் கொடுப்பதில்லை. குறிப்பேட்டில் பெயரோ கைதி எண்ணோ இருக்காது, நானே போட்டுக்கொள்ளும் எண்கள்தான்.

முக்கியமானது, கேட்டதைப் பதிவேட்டில் தேடுவது. அன்று நான் முழுச் சிறைக்கும் ஒரு மாத மருந்துப் பதிவேட்டைக் கேட்டிருக்க வேண்டும். எத்தனை ஊசிகள் விடுபட்டன என்று தாதியை வைத்து எண்ணி, அந்தக் கணக்கைக் கூட்டத்தில் வைத்திருந்தால் பேசியது பதிவேடாக இருந்திருக்கும். அந்த மனிதரைத் தேட வேண்டிய தேவையே வந்திருக்காது. குழுவில் மருத்துவம் தெரிந்தவர் வேண்டும் என்று அதே 84ஆவது விதி சொல்வதற்கு அர்த்தம் இருக்கிறது. புகார் செய்பவருக்குப் பழிவாங்கல் ஆபத்து வரக்கூடாது என்று 57ஆவது விதி சொல்கிறது. ஆனால் அறைக்குள் இருப்பவருக்கு முதல் காவல் நம்முடைய வாய்தான்.

வார்டர்களை எதிரியாக நினைப்பது

இரவுப் பணியில் எத்தனை பேர் என்று அவர்களிடம் கேளுங்கள். நீங்கள் பார்த்த குறைகளுக்குப் பாதிக் காரணம் அங்கே கிடைக்கும்.

மலாயில் மட்டும் கேட்பது

வலியைத் தாய்மொழியில்தான் சொல்வார்கள்.

தனி அறையைத் தவறவிடுவது

நேரமில்லை என்றாலும் அங்கே போங்கள். முடிந்தால் முதலிலேயே. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமைச் சிறையில் வைப்பதை மண்டேலா விதிகள் தடை செய்கின்றன. உள்ளே போன தேதியைக் கைதியிடமும் கேளுங்கள், பதிவேட்டிலும் பாருங்கள்.

திரும்பிப் போகாமல் இருப்பது

அறிக்கை அனுப்பியதும் வேலை முடிந்தது என்று பல குழுக்கள் கலைந்துவிடுகின்றன. சில வாரங்களில் மறுபடி போங்கள். போனதும் இடமாற்றப் பதிவேட்டையும் தண்டனைப் பதிவேட்டையும் கேளுங்கள். பிறகு, போன முறை பேசியவர்களை மற்றவர்களோடு சேர்த்து, அதே வரிசையில் கூப்பிடுங்கள். யாருடைய இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள்.