பள்ளிக்கூடம் பார்க்கப் போகிறீர்களா? பதினொரு மணிக்குப் போங்கள்

நத்தம் பக்கம் எங்கள் ஊர். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. பெரியவளைச் சேர்த்தபோது சுவரில் வரைந்திருந்த யானையையும் ஸ்மார்ட் போர்டையும் பார்த்து மயங்கிவிட்டேன். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த போர்டு துணி போர்த்தியபடியே இருக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே டீச்சர் என்று. சின்னவனுக்கு அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்று தையல் கடையை மூன்று நாள் காலையில் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் யு-டைஸ் எண் என்று 11 இலக்க எண் உண்டு. நம் மாநிலத்துப் பள்ளிகளுக்கு 33-இல் தொடங்கும். பல பள்ளிகளில் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். பள்ளிகளின் விவரம் எல்லாம் இருக்கிற யு-டைஸ் ப்ளஸ் என்ற அரசு இணையதளத்தில் அதைப் போட்டால் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை உண்டா என்பதெல்லாம் வரும். போன வருடக் கணக்காகக்கூட இருக்கலாம், அதனால் நேரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். 28 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர் என்றால், 14 பேருக்கு ஒருவர், ஆகா என்று தோன்றும். ஆனால் வகுப்புகள் மொத்தம் ஐந்து. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போன அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்தான். கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சேர்த்து 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5. ஆக, 110 பேர் படிக்கிற பள்ளியில் தலைக்கு 27, 28 பிள்ளைகள் வந்தாலும், என் பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் அங்கேதான் அதிகம். அதனால் “ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள்” என்று கேட்காதீர்கள். “ஒரு டீச்சர் ஒரே நேரத்தில் எத்தனை வகுப்பைப் பார்க்கிறார்” என்று கேளுங்கள். சின்னப் பள்ளியிலும் கெட்டிக்கார டீச்சர் சமாளிப்பார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் மாற்றலாகிப் போனால்?

சரி, நேரில் எப்போது போவது? ஆண்டு விழாவுக்கோ சேர்க்கை ஊர்வலத்தன்றோ வேண்டாம். சாதாரண செவ்வாய், புதன்கிழமை, காலை பதினொரு மணி. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தமிழ் நோட்டைப் பாருங்கள்.

ஒரு பள்ளியில் நான் பார்த்த நோட்டில், “நான் தினமும் பல்லிக்குப் போவேன்” என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய டிக், கீழே தேதி. அடுத்த பக்கமும் பல்லி, அதற்கும் டிக். இன்னொரு பள்ளியிலும் ஒரு பிள்ளை பல்லி என்றுதான் எழுதியிருந்தது. அங்கே அந்த ‘ல்லி’யைச் சுற்றி வட்டம் போட்டு, கீழே மூன்று தடவை எழுத வைத்திருந்தார்கள். முதல் தடவை மறுபடியும் பல்லி, அப்புறம் இரண்டும் பள்ளி. பிள்ளை தப்பு செய்வது சகஜம். அதை யாராவது பார்க்கிறார்களா என்பதற்கு நோட்டுதான் சாட்சி.

டீச்சரிடமும் ஒன்று கேட்டேன். படிப்பு, எழுத்து, கணக்கில் அடிப்படையைச் சொல்லிக்கொடுக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டுவந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். அரும்புதான் அடிநிலை. “ஜூனில் அரும்பில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்?” ஒரு டீச்சர் யோசிக்காமல், “ஒன்பது பேர் இருந்தாங்க, இப்ப மூணு பேர். அதுல ஒருத்தன் லீவு அதிகம்” என்றார். எனக்கு அது போதும்.

காலை உணவை வைத்து எங்கள் ஊரில் பள்ளியைப் பிரிக்க முடியாது. 2024-இல் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது. கழிப்பறையை வைத்துப் பிரிக்கலாம். தண்ணீர் வருகிறதா என்று பெரியவர்களிடம் கேட்காமல், இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளையிடம் கேளுங்கள். “வீட்டுக்குப் போய்தான் போவேன்” என்றால் அந்தப் பள்ளிக்கு அங்கேயே மதிப்பெண் குறைந்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவரைக் கடையிலோ ரேஷனிலோ பிடித்தால், சுவரில் எழுதாத விஷயமெல்லாம் வரும்.

கடைசியில் நடுநிலைப் பள்ளியை எடுத்தேன். அரை கிலோமீட்டர் கூடுதல், நடுவில் பஸ் போகிற ரோடு வேறு. ஆனாலும் ஐந்து வகுப்புக்கும் தனித்தனி ஆசிரியர். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் வேறு பள்ளி தேடி அலையவும் வேண்டாம். சேர்க்கைப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஆசிரியர்களின் இடமாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் மறுபடி ஒரு நடை போய், அந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.