கையெழுத்துக் கேட்டதால் நின்றுபோன களஆய்வு

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரைச் சந்தித்துப் பேசுவதுதான் என் முனைவர் பட்டக் களஆய்வு. முதல் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. நன்றாகத்தான் கதைத்துக்கொண்டிருப்பார்கள், சம்மதப் படிவத்தை நீட்டியதும் முகம் மாறிவிடும். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பேனையை வாங்கி, பெயர் எழுதும் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேணாம் தம்பி" என்று திருப்பித் தந்தார். அவர் பயந்ததில் பிழையே இல்லை, யுத்த காலத்தில் பொலிஸில் பெயர் பதிந்து பதிந்தே இந்த நகரத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

மேற்பார்வையாளரிடம் சொல்லி, ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் அனுப்பி, வாய்மொழிச் சம்மதத்துக்கு அனுமதி வாங்கினேன். இரண்டு பக்கப் படிவத்தை ஐந்து வசனமாக்கி வாயால் சொல்கிறேன், அவர்கள் "சரி" என்பது மட்டும் ஒலிப்பதிவில் இருக்கும், பெயருக்குப் பதில் ஓர் இலக்கம். அப்புறம் நேரமும் முக்கியம்: லொறி இறக்கும் காலையில் போகவே கூடாது, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிளேன்டீ குடிக்கும்போது போங்கள்.

அதே பெரியவர் போன கிழமை ஒன்றரை மணித்தியாலம் பேசினார்.